கட்டிய கையைக் கொஞ்சம் உருவி விடுங்கள்

வாட்டில் ஒருவருடைய கையைக் கட்டிலோடு கட்டிவிட எனக்கு ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை. மணிக்கட்டைச் சுற்றிப் பஞ்சு, அதற்கு மேலே பண்டேஜ் இரண்டு சுற்று, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கட்டில் சட்டத்தில் ஒரே இழுவையில் அவிழக்கூடிய முடிச்சாகப் போட்டால் வேலை முடிந்தது. பதினொரு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். வீடு களுவாஞ்சிக்குடிப் பக்கம், வேலை மட்டக்களப்பிலும் இருந்திருக்கிறது, அம்பாறை மாவட்டத்திலும் இருந்திருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை, எல்லா இடத்திலும் அந்த முடிச்சு ஒன்றுதான்.

பின்னேரம் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து, அப்பாவின் கை கட்டியிருப்பதைக் கண்டு அப்படியே நின்று அழுகிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வாட்டுக்கு வந்திருக்கிற தங்கச்சிமார் தம்பிமாரும் வாசித்தால் நல்லது.

யாரையும் தண்டிப்பதற்காகக் கட்டுவதில்லை. கிருமி இரத்தத்தில் ஏறுவது, சோடியம் இறங்குவது, ஒட்சிசன் குறைவது, சீனி சட்டென்று விழுவது, நாலைந்து நாள் ஒழுங்காக நித்திரை இல்லாமல் கிடப்பது, இப்படி ஏதாவது ஒன்றால் வயதானவர்களுக்குத் திடீரென்று மூளை குழம்பும். நேற்று வரை வயல் கணக்கெல்லாம் வாயாலேயே சொன்ன மனுசன் இன்று சொந்த மகளைப் பார்த்து "நீ யார்" என்று கேட்பார், சாமத்தில் தோணிக்குப் போக வேண்டும் என்று கட்டிலால் இறங்குவார். டெலிரியம் என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். பைத்தியம் என்று பயப்பட வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலானவர்களுக்குத் தெளியும். ஆனால் தெளிகிற வரைக்கும் அந்தக் கை சும்மா இருக்காது. சேலைன் ஊசியைப் பிடுங்கும், மூக்கால் போட்ட டியூபை இழுக்கும், ஐசியூவில் என்றால் சுவாசக் குழாயையே இழுத்துவிடும், அது உயிரோடு விளையாடுகிற விசயம். நாற்பது பேருக்கு இரண்டு பேர் நிற்கிற இரவில், ஒருவருக்குப் பக்கத்திலேயே இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்க ஆளில்லாதபோது, பண்டேஜ்தான் அந்த ஆளாகிறது.

ஆனால் கட்டிப் படுத்திருப்பது எப்படியிருக்கும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். மூக்கின் நுனியில் ஈ வந்து இருக்கிறது, கலைக்க முடியாது. கண் ஓரத்தில் வியர்வை இறங்கி எரிகிறது, துடைக்க முடியாது. முதுகுக்குக் கீழே விரிப்பு சுருண்டு குத்துகிறது. தாகம், கப் மேசையில் இருக்கிறது, கை எட்டாது. ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று நாம் சொன்னதெல்லாம் குழம்பிய தலையில் நிற்காது, அவருக்குத் தெரிவதெல்லாம் யாரோ என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான். அதனால் இன்னும் இழுக்கிறார், இழுக்க இழுக்க முடிச்சு இறுகுகிறது, மணிக்கட்டு உரசித் தோல் கழன்றுவிடுகிறது, குழப்பமும் கூடுகிறது. எங்கள் பகுதியில் இதை இன்னும் மோசமாக்குகிற ஒன்று உண்டு. யுத்த காலத்தில் கையைக் கட்டிக் கொண்டுபோகப்பட்டவர்கள் இன்று அறுபது எழுபது வயதில் எங்கள் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கட்டும்போது அவர் எந்த வருடத்தில் நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சரி, இதை எனக்கு உணர்த்திய ஒரு வாப்பாவின் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மருதமுனைப் பக்கத்தவர், எழுபத்தைந்து தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் கைத்தறியில் இருந்தவர். நியுமோனியாவோடு கொண்டுவந்தார்கள். வந்த அன்று நன்றாகத்தான் கதைத்தார், இரண்டாம் நாள் பின்னேரத்திலிருந்து ஆள் மாறிவிட்டார். கனுலாவை, அதாவது சேலைன் ஏற்றுகிற ஊசியை, இரண்டு தடவை பிடுங்கி விரிப்பெல்லாம் இரத்தம். டொக்டரிடம் சொல்லி, நோயாளியின் குறிப்புகள் இருக்கிற டிக்கெட்டில் எழுதி, இரவு எட்டு மணிக்கு நான்தான் இரண்டு கையையும் கட்டினேன். கட்டிய பிறகும் விரல்கள் ஓயவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தேய்க்கும், விடும், பிறகு ஒன்றுமில்லாத காற்றில் நூல் பொறுக்குவது போல எதையோ எடுக்கும். இப்படிப் பொறுக்குவது டெலிரியத்தில் எல்லாருக்கும் வரக்கூடியதுதான், ஆனால் இவருடைய விரல்களில் அது உண்மையாகவே ஒரு தொழிலைப் போலிருந்தது, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிற ஒருவரைப் போல.

பக்கத்தில் மகன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பத்தரை மணியளவில் என்னிடம் வந்து, "மிஸ்ஸி, வாப்பாட கையைக் கொஞ்சம் உருவி விடட்டா? வீட்ட உம்மாதான் ஒவ்வொரு ராவும் தேங்காயெண்ணெய் போட்டு உருவி விடுற, இல்லாட்டி நித்திர வராது" என்றார். நான் உடனே சம்மதிக்கவில்லை. அவிழ்த்தால் மறுபடியும் பிடுங்குவார், மூன்றாவது கனுலாவுக்கு இரத்தக் குழாய் தேடியே களைத்துப்போயிருந்தேன். பிறகு மனம் கேட்காமல், ஒரு கையை மட்டும் அவிழ்க்கிறேன், நானும் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லிக் கனுலா இல்லாத வலது கையை அவிழ்த்தேன்.

பஞ்சு விலகியிருந்த இடத்தில் பண்டேஜின் நெசவு அப்படியே தோலில் பதிந்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள், எண்ணலாம் போல. பெருவிரலின் உள்பக்கத்தில் தறியால் வந்த காய்ப்பு, மஞ்சளாக, கட்டியாக. விரல்கள் குளிர்ந்திருந்தன. மகன் உள்ளங்கையில் எண்ணெயை விட்டுத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் ஏந்தி, ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு புறங்கையில் மெதுவாக நீவத் தொடங்கினார். முதலில் வாப்பா கையை வெடுக்கென்று இழுத்தார். மகன் விட்டுக்கொடுத்தார், திரும்பவும் பிடித்தார். மூன்றாம் நான்காம் நீவலில் தோள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் அந்தக் கை மெதுவாக வழுவிக்கொண்டு அடிவயிற்றுக்குப் போனது. யூரின் டியூபை இழுக்கத்தான் போகிறார் என்று நான் எடுத்துத் திரும்ப வைத்தேன். மறுபடி போனது, மறுபடி எடுத்து வைத்தேன். மூன்றாம் தடவை மகன்தான் சொன்னார், "மிஸ்ஸி, வாப்பாவுக்கு அங்க என்னமோ நோகுது போல." விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் டியூப் தொடைக்குக் கீழே மடிந்து நசுங்கிக் கிடந்தது. அடிவயிறு கல் மாதிரி. மடிப்பை எடுத்துவிட்டதும் பையில் இறங்கியது கிட்டத்தட்ட 700 மில்லிலீற்றர். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்து, அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

எட்டு மணியிலிருந்து பத்தரை வரை. அவ்வளவு நேரமும் அந்தக் கை எங்கே நோகிறது என்று காட்டுவதற்குத்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, காட்ட முடியாதபடி கட்டி வைத்தவள் நான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், படிக்கிற காலத்திலேயே சொல்லித் தந்ததுதான். அன்றிரவு மூச்சடைப்போடு இருவர் அடுத்தடுத்து வந்தார்கள், நேரம் போய்விட்டது. காரணம் உண்மை, ஆனாலும் இன்று வரைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் இதை விடாமல் செய்கிறேன், வீட்டுக்காரர் இருந்தால் அவர்களுக்கும் காட்டிக் கொடுக்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மோதிரம் வளையலைக் கழற்றுங்கள், கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். முகத்துக்கு நேரே வந்து பெயரைச் சொல்லி, "நான் மகன், கையை உருவி விடப் போறன்" என்று சொல்லுங்கள், மயக்கத்தில் இருப்பவரானாலும் சொல்லுங்கள். கட்டை நீங்களாக அவிழ்க்காதீர்கள், மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கைதான். முழங்கைக்குக் கீழே தலையணை ஒன்று வையுங்கள், தூக்கிப் பிடித்த கை ஒருபோதும் தளராது. எண்ணெய் அரைத் தேக்கரண்டி போதும், அதுவும் கனுலா ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியில் படக்கூடாது, பட்டால் பிளாஸ்திரி கழன்றுவிடும், பிறகு அந்த ஊசிக்காகத்தானே கட்டினோம்!

புறங்கையை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நாலைந்து தடவை நீவுங்கள். பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையில் உங்கள் பெருவிரலால் சின்ன வட்டமாக, ரொட்டி மாவைத் தொட்டுப் பார்க்கிற அளவு அழுத்தம். ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை உருவி விடுங்கள். நெட்டி முறிக்க வேண்டாம், வயதானவர்களின் எலும்பு அதைத் தாங்காது. மணிக்கட்டில் கட்டு இருந்த இடத்தைக் கடைசியில், அழுத்தாமல், கையை வைத்துச் சூடு கொடுப்பது போல. பிறகு முன்னங்கை. ஒரு கைக்கு ஐந்து நிமிடம். கண் அவருடைய முகத்தில் இருக்கட்டும். புருவம் சுருங்கினால், கையை இழுத்தால், மூச்சு வேகமானால் நிறுத்திவிடுங்கள். வேண்டாம் என்று அவரால் சொல்லக்கூடிய ஒரே வழி அதுதான்.

வேகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் பிழை விடுவது அங்கேதான். பாசத்தில் பரபரவென்று தேய்ப்பார்கள். முடி வளர்கிற தோலில், முன்னங்கை புறங்கை மாதிரியான இடங்களில், மெதுவான தடவலுக்கென்றே மெல்லிய நரம்பு நார்கள் இருக்கின்றன. 1990களில் சுவீடனில் ஓகே வால்போவும் ஹாக்கன் ஒலாவ்சனும் அவர்களோடு வேலை செய்தவர்களும் மனிதர்களில் இதைப் படித்துக் காட்டினார்கள். அந்த நார்கள் வினாடிக்கு 1 முதல் 10 சென்றிமீற்றர் வேகத்தில் தடவும்போதுதான் நன்றாக வேலை செய்கின்றன, அதைவிட வேகமாகவோ மிக மெதுவாகவோ தடவினால் அடங்கிவிடுகின்றன. தொடுகையின் இதம் என்று நாம் உணர்வதற்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. வினாடிக்கு 3 சென்றிமீற்றர் என்று எடுத்துக்கொண்டால் மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்புக்குப் போக எட்டு வினாடி. மனதுக்குள் எட்டு எண்ணிப் பாருங்கள், எவ்வளவு மெதுவென்று தெரியும். குழந்தையை நித்திரையாக்கும்போது நம் அம்மாமார் தடவுகிற வேகம் கிட்டத்தட்ட அதுதான்.

நைட் முடிந்து வந்து தேடித்தேடி வாசித்தபோது இன்னொன்றும் கண்டேன். 2002இல் ரூத் ரெமிங்டன் என்கிற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர், முதியோர் இல்லங்களில் டிமென்ஷியா என்கிற மறதி நோயோடு பதற்றப்படுகிற 68 பேரை நான்கு குழுவாக்கி, சிலருக்கு அமைதியான இசை, சிலருக்குக் கை மசாஜ், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை என்று பத்து நிமிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கொடுக்காதவர்களைவிட மற்ற மூன்று குழுவிலும் பதற்றம் குறைந்தது, அது ஒரு மணித்தியாலம் வரை நீடித்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் மேலதிகப் பலன் இல்லை. அவர்கள் கட்டப்பட்ட நோயாளிகள் இல்லை, எங்கள் வாட்டு முதியோர் இல்லமும் இல்லை, அதனால் அப்படியே இங்கே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு மணித்தியால அமைதி என்றால், இரவுக் கடமையில் நின்றவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். கத்தரின் கொல்கபா என்றொருவர், டிமென்ஷியா வாட்டில் தலைமைத் தாதியாக இருந்தவர், நோயாளியின் சௌகரியம் என்பதையே ஒரு கோட்பாடாக எழுதியிருக்கிறார். நோகிற ஒன்று நீங்குவது, அமைதியாக இருப்பது, அதற்கும் மேலே இதைத் தாண்டலாம் என்று ஒரு தென்பு வருவது என்று மூன்று படி சொல்கிறார். அந்த வாப்பாவிடம் நான் முதல் இரண்டையும் அந்த இரவிலேயே கண்டேன். மூன்றாவதைக் காண இன்னும் இரண்டு நாள் எடுத்தது.

எல்லாருக்கும் செய்யக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கை, இரத்தம் கட்டியிருக்கலாம் என்று சந்தேகிக்கிற கை, முறிவு, புண், தீக்காயம், சிவந்து வீங்கிய இடம், மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீங்கிய கை, இதெல்லாம் டொக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியவர்களுக்கும் அழுத்த வேண்டாம். சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறவர்களுக்கு விரலில் உணர்வு குறைவாயிருக்கும், சுடவைத்த எண்ணெயை விட்டால் சுட்டதே தெரியாது. சித்தாலேப மாதிரித் தைலங்களைக் கொண்டுவராதீர்கள், அந்தக் கை கண்ணுக்குப் போகும். ஒட்சிசன் மாஸ்க் போட்டவரின் முகத்துப் பக்கம் எண்ணெய்க் கையைக் கொண்டுபோக வேண்டாம். பெண் நோயாளிக்கு மகளோ சகோதரியோ செய்வதுதான் எங்கள் ஊரில் பொருந்தும், அப்படி யாரும் இல்லாவிட்டால் மிஸ்ஸியைக் கேளுங்கள்.

குடியை நிறுத்தியதால் வருகிற குழப்பம் வேறு விசயம். கசிப்புக் குடித்துப் பழகியவர் வேறு ஏதோ வருத்தத்துக்காக வந்து படுப்பார், இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊருகிறது என்று கத்துவார். அதற்கு மருந்துதான் முதலில், தாமதித்தால் ஆள் போய்விடும். தயவுசெய்து அவர் குடிக்கிறவர் என்பதை வந்த அன்றே சொல்லுங்கள், வெட்கத்தில் மறைக்காதீர்கள், எத்தனை பேரை இதனால் கட்ட வேண்டி வந்திருக்கிறது.

உருவி முடிந்ததும் மறுபடி கட்ட வேண்டும் என்று கை தானாகப் பண்டேஜை எடுக்கும். அந்த இடத்தில் நான் இப்போது ஒரு நிமிடம் நிற்கிறேன். இன்னும் கட்டத்தான் வேண்டுமா? பக்கத்தில் ஆள் இருக்கிறாரா? மூக்கு டியூப் இன்னும் தேவையா, எடுத்துவிடலாமா என்று டொக்டரைக் கேட்டோமா? சேலைன் முடிந்திருந்தால் கனுலாவை நீளமான பண்டேஜால் மூடி மறைத்தால் போதாதா? கண்ணாடியைப் போட்டுவிட்டோமா, காது மெஷின் வீட்டிலா இருக்கிறது? கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டுக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும், நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும், முடிச்சு சட்டத்தில் இருக்க வேண்டும், பக்கத்துத் தடுப்புக் கம்பியில் போட்டால் யாரோ கம்பியை இறக்கும்போது கையும் சேர்ந்து இழுபடும். புதிதாக வந்த தங்கச்சிமாருக்கு நான் இதை ஒவ்வொரு தடவையும் சொல்வேன், அவர்களுக்கு அலுத்திருக்கும்.

வாப்பாவின் வலது கையை அன்றிரவு நான் மறுபடி கட்டவில்லை. மகன் கையைப் பிடித்தபடியே கட்டில் ஓரத்தில் தலைவைத்துத் தூங்கிப்போனார், வாப்பாவும் நாலு மணிவரை தூங்கினார். இடது கையை மட்டும் இரண்டு தடவை அவிழ்த்து, நானே உருவிவிட்டுக் கட்டினேன். அடுத்த நாள் மகனிடம், வீட்டிலிருந்து அவர் நெய்த துணி ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். பழைய சாரன் துண்டொன்று வந்தது. அதைக் கையில் கொடுத்ததும் விரல்களுக்குப் பொறுக்க ஒன்று கிடைத்துவிட்டது, கனுலாவை மறந்துவிட்டார். அன்று பின்னேரம் இடது கையையும் அவிழ்த்தோம். மருந்தும் பிடித்துவிட்டது, காய்ச்சலும் இறங்கியது, எல்லாம் எண்ணெயின் வேலை என்று நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் பிரஷர் பார்க்கப் போனேன். எழும்பிச் சாய்ந்து இருந்தார், கண் தெளிந்திருந்தது. கையைக் கட்டியவள் நான்தான் என்று அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன், வாப்பா அண்டைக்கு உங்கட கையை நான்தான் கட்டினன், குறை நினைக்காதீங்க என்று. அவர் அதைக் கேட்டாரோ என்னவோ, ஆஸ்பத்திரி விரிப்பின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார். "இது நம்மட தறியில்ல மகள்" என்றார். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினார், பிரஷர் பார்ப்பதற்கா உருவி விடுவதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் செய்தேன்.